ஓய்விலிருக்கும் தேர்கள்: கியோத்தோ நகரப் பருவ விழாக்களில் முறிவும் மீட்பும்

ஆய்வுச்சுருக்கம்

ஜப்பானின் பழைய தலைநகரான கியோத்தோவின் பருவ விழாக்கள் ஆயிரம் ஆண்டுத் தொடர்ச்சி உடையனவாகப் பொதுவாக அறிமுகப்படுத்தப்படுகின்றன. அவற்றின் வரலாற்றை நோக்கின், போர், தீ, ஆட்சிமாற்றம், நோய்ப்பரவல் ஆகியவற்றால் அவை பலமுறை நின்று மீண்டும் தொடங்கியமை புலனாகிறது. அவோயி விழா, கியோன் விழா, ஐம்மலைத் தீவிழா, ஜிதாய் விழா ஆகிய நான்கையும், அவற்றோடு பிணைந்த காட்சிப்படுத்தல் மரபையும் கொண்டு, நின்ற விழாவை மீட்பவர் யார், எதனைக் கொண்டு மீட்கின்றனர் என்னும் வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. நான்கு விழாக்களும் முறையே ஆவணம், பொருள், இடம், புத்தாக்கம் என்னும் நான்கு வேறுபட்ட வழிகளில் நிலைபெறுகின்றன என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: கியோத்தோ, பருவ விழா, யாமாஹோகோ, மரபு, மீட்பு, நாட்காட்டி, காட்சிப்படுத்தல்.

முன்னுரை

கி.பி. 794இல் பேரரசர் கம்மு தம் தலைநகரை ஹெயான்-கியோ என்னும் புதிய நகருக்கு மாற்றினார். இன்று கியோத்தோ என வழங்கும் அந்நகர், 1869இல் பேரரசர் தோக்கியோவுக்குப் பெயரும்வரை அரசவையின் இருப்பிடமாக விளங்கியது. இந்நீண்ட காலப்பகுதியில் அரசவைச் சடங்கு, கோயில் வழிபாடு, வணிகர் வாழ்வு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று ஊடறுத்து, ஆண்டு முழுவதற்குமான விழாநிரல் ஒன்றை உருவாக்கின.

இவ்விழாக்களைப் பற்றிய அறிமுக எழுத்துகள் பெரும்பாலும் 'இடையறாத மரபு' என்னும் தொடரையே முன்வைக்கின்றன. அதற்கு எதிர்நிலையில், எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் 1983இல் பதிப்பித்த தொகுப்பு, தொன்மையானவை எனக் கருதப்படும் பல மரபுகள் அண்மைக்காலத்தில் புனையப்பட்டவை என்னும் பார்வையை வலுப்படுத்தியது. தொன்மை, புனைவு என்னும் இவ்விரு முனைகளுக்கும் இடைப்பட்ட ஒரு நிலை உண்டு. ஒரு விழா நின்றுபோகலாம். ஆயினும் அழியாது இருக்கலாம். கியோத்தோ மக்கள் அந்நிலைக்கு ஒரு பெயரே வைத்துள்ளனர். அப்பெயரே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

ஜப்பானிய நாட்டார் வழக்காற்றியலின் முன்னோடியாகிய யானகிதா குனியோ (1875-1962), விழாவின் வரலாற்றில் மிகப்பெரிய மாற்றம் பார்வையாளர் தோன்றியதே எனக் கருதினார். நம்பிக்கையால் பங்கேற்போர் மட்டுமே இருந்த வழிபாடு, அழகு கருதி வந்து காண்போர் சேர்ந்தபோது வேறொன்றாக மாறியது என்பது அவர் கருத்து. இக்கருத்தும் இவ்வாய்வுக்குத் துணையாகிறது.

ஜப்பானிய விழாக்களைப் பற்றித் தமிழில் எழுதும்போது ஓனோ சுசுமு முன்வைத்த தமிழ்-ஜப்பானிய உறவுக் கோட்பாடு நினைவுக்கு வருதல் இயல்பு. இக்கட்டுரை மொழியுறவு பற்றிய அவ்விவாதத்திற்குள் செல்லவில்லை. கியோத்தோ விழாக்களை அவற்றின் சொந்த வரலாற்றுச் சூழலில் வைத்துக் காண்பதே இதன் எல்லை.

அவோயி விழா: ஆவணத்தின்வழி மீட்பு

மே 15ஆம் நாள் நிகழும் அவோயி விழா, சிமோகாமோ, காமிகாமோ என்னும் இரு கோயில்களுக்கு உரியது. 6ஆம் நூற்றாண்டில், பேரரசர் கிம்மெய் காலத்தில், புயலாலும் மழையாலும் விளைச்சல் கெட்டபோது காமோ தெய்வங்களின் சினம் தணிக்க இவ்விழா தொடங்கியது எனக் கோயில் மரபு கூறுகிறது. ஹெயான் காலத்தில் 'விழா' என்னும் பொதுச்சொல்லே இவ்வொரு விழாவைக் குறித்தது. முரசாகி சிகிபு இயற்றிய 'கெஞ்சியின் கதை'யில் இவ்விழாவின் பெயராலேயே ஓர் இயல் அமைந்துள்ளது. விழாவுக்கு முன்னைய தூய்மைச் சடங்கு ஊர்வலத்தைக் காணவந்த இரு பெண்களின் வண்டிகளுக்கிடையே இடத்திற்காக எழும் பூசல் அவ்வியலின் திருப்புமுனை. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காண்போர் கூட்டமும் அதன் நெரிசலும் இலக்கியப் பொருளாகிவிட்டமையை இதனால் அறியலாம். யானகிதா சுட்டிய பார்வையாளர், இவ்விழாவைப் பொறுத்தவரை, பிற்காலத்தவர் அல்லர்.

1467 முதல் 1477 வரை நிகழ்ந்த ஓனின் போர் தலைநகரைச் சாம்பலாக்கியது. அதன்பின் அவோயி ஊர்வலம் ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகள் நின்றுபோனது. 1694இல் அது மீண்டும் தொடங்கியபோது, முந்தைய ஊர்வலத்தை நேரில் கண்டவர் எவரும் இல்லை. எனவே அம்மீட்பு நினைவின்வழி நிகழ்ந்ததன்று. அரசவைப் பதிவுகளையும் பழைய வழக்காற்று நூல்களையும் சார்ந்தே நிகழ்ந்திருத்தல் வேண்டும். 'அவோயி' என்னும் ஈரிலைச் செடியின் இலைகளால் ஆடையையும் வண்டியையும் அணிசெய்யும் வழக்கம் இக்காலத்தில் விரிவடைந்தது. விழாவின் இன்றைய பெயரும் இதனோடு தொடர்புடையது.

இரண்டாம் உலகப்போரால் மீண்டும் நின்ற ஊர்வலம் 1953இல் தொடங்கியது. 1956 முதல் ஊர்வலத்தின் நடுநாயகமாக 'சாயோ-தாய்' என்னும் பெண் இடம்பெறுகிறாள். பண்டு காமோ தெய்வத்திற்குப் பணிபுரிய அரசகுலப் பெண் ஒருத்தி அமர்த்தப்பட்டாள். அவளுக்குச் 'சாயோ' என்று பெயர். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்முறை மறைந்தது. இன்று கியோத்தோ நகரைச் சார்ந்த மணமாகாத பெண் ஒருத்தி அவ்விடத்தை நிரப்புகிறாள். பெயரின் ஈற்றிலுள்ள 'தாய்' என்பது 'பதிலி' எனப் பொருள்படும் ஜப்பானியச் சொல். இழந்ததை இழந்ததாகவே ஒப்புக்கொண்டு, அதற்கு ஈடாக நிற்பவள் என்பதை இப்பெயர் மறைக்கவில்லை. மீட்பின் நேர்மைக்கு இச்சொல்லமைப்பு ஒரு சான்று எனலாம்.

கியோன் விழா: பொருளின்வழி மீட்பு

கியோன் விழா ஜூலை மாதம் முழுவதும் நிகழ்வது. யசாகா கோயிலைச் சார்ந்தது. 'கியோன்' என்னும் பெயர் புத்தர் தங்கிய ஜேதவன விகாரத்தின் ஜப்பானியப் பெயரிலிருந்து வந்தது. 1868இல் அரசு பௌத்தத்தையும் ஷின்தோவையும் பிரித்தபோதுதான் கோயில் 'யசாகா' எனப் பெயர் மாறியது. கோயிலின் பெயர் மாறிய பின்னும் விழாவின் பெயர் மாறவில்லை.

869இல் கொள்ளைநோய் பரவியபோது, நாட்டின் 66 மாநிலங்களைக் குறிக்க 66 ஈட்டிகளை நாட்டி நோய்த்தெய்வத்தை அமைதிப்படுத்தினர் என்பது விழாவின் தோற்றம் பற்றிய மரபுரை. அவ்வீட்டியே பின்னர் வானளாவிய தண்டுடைய 'ஹோகோ' தேராக வளர்ந்தது. உருவப் பொம்மைகளால் கதைக்காட்சி அமைந்தது 'யாமா' எனப்பட்டது. இரண்டும் சேர்ந்து 'யாமாஹோகோ' எனப்படுகின்றன. ஊர்வலத்தில் எப்போதும் முதலில் வரும் நாகினாதா ஹோகோ ஏறத்தாழ 25 மீட்டர் உயரம் உடையது. தேர்களின் சட்டங்கள் ஆணியின்றி, வைக்கோற் கயிற்றால் பிணைக்கப்படுகின்றன. தெருமுனையில் சக்கரத்தின் அடியில் பிளந்த மூங்கிலைப் பரப்பி, நீர் தெளித்து, வடம் பிடித்துத் தேரைப் பக்கவாட்டில் இழுத்துத் திருப்புகின்றனர். பிற தேர்களுள் பலவற்றின் வரிசை ஜூலை 2ஆம் நாள் திருவுளச்சீட்டால் முடிவுசெய்யப்படுகிறது. வரிசைக்காக எழுந்த பூசலைத் தீர்க்க 1500இல் தோன்றிய ஏற்பாடு இது.

அந்த 1500ஆம் ஆண்டே ஓனின் போருக்குப் பின் விழா மீண்ட ஆண்டுமாகும். மீட்டவர் அரசர் அல்லர். 'மச்சிஷூ' எனப்பட்ட நகர வணிகரும் கைவினைஞரும் ஆவர். 1533இல் அரசியற் குழப்பத்தால் கோயிற் சடங்கை நிறுத்துமாறு ஆணை வந்தபோது, சடங்கு நிகழாவிடினும் தேர்களையேனும் இழுக்க வேண்டும் என நகர மக்கள் முறையிட்டனர். தெய்வத்திற்காகத் தோன்றிய தேர், தெய்வச் சடங்கின்றியும் ஓடலாம் என்னும் இவ்வேண்டுகோள், விழாவின் உரிமை கோயிலிடமிருந்து தெருக்களுக்கு நகர்ந்துவிட்டமையைக் காட்டுகிறது. இன்றும் ஒவ்வொரு தேரும் ஒரு தெருக்குழுவின் உடைமையே.

இவ்வுடைமை முறையே 'ஓய்வு' என்னும் கருத்துக்கும் அடிப்படை. தீயாலோ புயலாலோ சிதைந்து ஊர்வலத்தில் இடம்பெற இயலாத தேரை 'யசுமி-யாமா', அதாவது 'ஓய்விலிருக்கும் யாமா' என அழைக்கின்றனர். அழிந்த தேர் என்றோ முன்னாள் தேர் என்றோ அவர்கள் கூறுவதில்லை. தேர் இல்லாத தெருவில் அதன் தெய்வவுருவும் எஞ்சிய துணிகளும் காக்கப்பட்டன. விழாக்காலத்தில் அவை வெளியே வைக்கப்பட்டன. 1864ஆம் ஆண்டுப் பெருந்தீயில் எரிந்த ஓஃபுனே ஹோகோ, 150 ஆண்டுகளுக்குப் பின் 2014இல் மீண்டும் ஓடியது. 1826இல் புயலால் சேதமுற்ற தாகாயாமா, 196 ஆண்டுகளுக்குப் பின் 2022இல் ஊர்வலத்தில் சேர்ந்தது. தலைமுறைகள் பல கடந்த பின்னும் தேர் திரும்பியமைக்குக் காரணம், அது இல்லாத காலத்திலும் அதற்குரிய இடமும் பெயரும் காலியாகவே வைக்கப்பட்டிருந்தமையாகும். இன்று முன்விழாவாகிய ஜூலை 17இல் 23 தேர்களும், பின்விழாவாகிய ஜூலை 24இல் 11 தேர்களுமாக 34 தேர்கள் ஓடுகின்றன.

இவ்விரு நாட்களும்கூட ஒரு முறிவைக் கண்டன. போக்குவரத்தும் சுற்றுலாவும் காரணமாக 1966இல் இரு ஊர்வலங்களும் ஒரே நாளாக இணைக்கப்பட்டன. ஏறத்தாழ அரைநூற்றாண்டுக்குப் பின், 2014இல் அவை மீண்டும் பிரிக்கப்பட்டன. வசதி கருதிச் செய்யப்பட்ட மாற்றமும் திருப்பக்கூடியதே என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

தேர்த்துணிகளும் கடல்வணிகமும்

யாமாஹோகோ தேர்களை 'நகரும் அருங்காட்சியகம்' என்பர். கோயியாமாவை அணிசெய்வது 16ஆம் நூற்றாண்டில் பிரசெல்ஸ் நகரில் நெய்யப்பட்ட திரைச்சீலை. ஹோமரின் 'இலியட்' காப்பிய மன்னன் பிரியாமும் அரசி ஹெக்குபாவும் அதில் உள்ளனர். கான்கோ ஹோகோவின் முன்திரையோ விவிலியத்தின் தொடக்க நூலில் வரும் ரெபேக்காவின் கதையைக் காட்டுவது. கிறித்தவம் கடுமையாகத் தடைசெய்யப்பட்டிருந்த 18ஆம் நூற்றாண்டிலேயே இத்திரை தேரில் ஏறியது. கதை யாதென அறியாது அழகு கருதியே அது ஏற்றப்பட்டது எனக் கொள்ளலாம்.

தமிழ் ஆய்வாளர் கருத்தில் கொள்ளத்தக்க செய்தி இங்கு உண்டு. சுகி ஹோகோ முதலான தேர்களில் இந்தியக் கம்பளங்கள் இடம்பெற்றுள்ளன. மினாமி-கான்னோன்யாமா தெருக்குழு 1684ஆம் ஆண்டுக் குறிப்புடைய இந்தியச் சாயத்துணி ஒன்றைப் பேணுகிறது. இத்தகைய துணியை ஜப்பானியர் 'சரசா' என்பர். ஜப்பான் தன் கதவுகளை மூடியிருந்த எடோ காலத்தில், ஐரோப்பியருள் ஒல்லாந்தர் மட்டுமே நாகசாகித் துறைமுகத்தில் வணிகம் செய்ய இசைவு பெற்றிருந்தனர். அவர்களின் சோழமண்டலக் கரை வணிகத்திற்குப் பழவேற்காடும், 1658இல் அவர்கள் கைப்பற்றிய நாகப்பட்டினமும் நிலைக்களன்கள். அக்கரையிலிருந்து சென்ற கோடிட்ட பருத்தித்துணிக்கு ஜப்பானியர் இட்ட பெயர் 'சந்தோமே'. மயிலாப்பூரைப் போர்த்துக்கீசியர் 'சான் தோமே' என அழைத்ததன் திரிபே அச்சொல். தேர்த்துணிகளையும் சந்தோமேத் துணியையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது. ஒரே கடல்வழியின் இரு சான்றுகளாக அவற்றைக் கொள்ளுதல் தகும். நம் கரையின் ஊர்ப்பெயர் ஒன்று ஜப்பானிய நெசவுச் சொல்லாக நிலைத்திருப்பது, மொழியுறவுக் கோட்பாடுகளின் துணை வேண்டாத வரலாற்றுத் தொடர்பாகும்.

காட்சிப்படுத்தல்: வீடும் கண்காட்சியும்

ஊர்வலத்திற்கு முந்தைய மாலைகளில் தேர்த்தெருக்களின் பழைய வணிக வீடுகள் முன்புறக் கதவுகளை நீக்கி, தம் குடும்பத்துக்குரிய மடிப்புத் திரைகளையும் கலைப்பொருட்களையும் வழிப்போக்கர் காண வைக்கின்றன. இதற்குத் 'திரை விழா' என்று பெயர். பௌத்த மடங்கள் ஆண்டுக்கொருமுறை ஓவியச் சுருள்களையும் ஏடுகளையும் பூச்சி அரிக்காதவாறு காற்றாட விரிப்பதும் இத்தகையது. தாய்தோகு-ஜி மடத்தில் அக்டோபர் இரண்டாம் ஞாயிறன்று இது நிகழ்கிறது. காப்பதற்காக விரித்தனர், விரித்ததால் காணவும் நேர்ந்தது. கண்காட்சி என்னும் கருத்து இங்கே பேணுதலின் உடன்விளைவாகத் தோன்றியுள்ளது.

1869க்குப் பின் இந்நிலை மாறியது. பேரரசரும் உயர்குடியினரும் அகன்றதால் நகரின் கைத்தொழில்கள் தம் புரவலரை இழந்தன. அவ்விழப்பை ஈடுசெய்ய 1871இல் நிஷி ஹொங்கான்-ஜி மடத்தில் கண்காட்சி ஒன்று நடத்தப்பட்டது. அடுத்த ஆண்டு நடந்த கண்காட்சிக்கு மக்களை ஈர்க்கவே 'மியாகோ ஒதோரி' என்னும் இளவேனில் நடன நிகழ்வு உருவாக்கப்பட்டது. இன்று கியோத்தோவின் தொன்மை அடையாளமாகக் கருதப்படும் அந்நடன விழா, பொருளியல் நெருக்கடிக்கு 1872இல் கண்ட தீர்வாகும்.

ஜிதாய் விழா: புத்தாக்கமும் திருத்தமும்

1895இல் ஒகாசாகி பகுதியில் நான்காம் தேசியத் தொழிற்கண்காட்சி நடந்தது. தலைநகர் நிறுவப்பட்டு 1100 ஆண்டு நிறைவும் அப்போது கொண்டாடப்பட்டது. பேரரசர் கம்முவுக்கு ஹெயான் கோயில் எழுப்பப்பட்டது. அதன் விழாவாக ஜிதாய் விழா, அதாவது 'காலங்களின் விழா', தோன்றியது. கம்மு புதிய நகருள் புகுந்த நாளாகிய அக்டோபர் 22 அதற்குரிய நாள். ஏறத்தாழ 2000 பேர், மெய்ஜி காலத்திலிருந்து பின்னோக்கி எட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை, அவ்வக்கால உடையில் நடந்து செல்கின்றனர்.

ஹாப்ஸ்பாமின் அளவுகோலின்படி இது புனையப்பட்ட மரபே. ஆயின் அதன் பின்வரலாறு கருதத்தக்கது. 1950இல் பெண்களின் அணிகள் சேர்க்கப்பட்டன. முரோமாச்சி காலத்திற்கு நெடுங்காலம் இவ்வூர்வலத்தில் இடமில்லை. அக்கால ஆட்சியை நிறுவிய அஷிகாகா தகாவுஜி பேரரசருக்கு எதிராக நின்றவர் என்பதால், மெய்ஜி கால வரலாற்றுப்பார்வை அவரைத் துரோகியாகக் கருதியது. நோ நாடகமும் தேநீர்ச் சடங்கின் அடிப்படைகளும் உருவான இரண்டு நூற்றாண்டுகள் ஒருவர்மீதான தீர்ப்பால் தெருவிலிருந்து நீக்கப்பட்டிருந்தன. 2007இல்தான் முரோமாச்சி அணி சேர்ந்தது. ஊர்வலம் ஒரு வரலாற்று நூலைப் போன்றது. அதிலும் விடுபாடு உண்டு, திருத்திய பதிப்பும் உண்டு. புனையப்பட்டது என்பதனாலேயே ஒரு மரபு உயிரற்றதாகிவிடுவதில்லை என்பதை இது காட்டுகிறது.

ஐம்மலைத் தீவிழா: இடத்தின்வழி மீட்பு

ஆகஸ்டு 16 இரவு 8 மணிக்குக் கிழக்கு மலையில் 'பெரிய' எனப் பொருள்படும் எழுத்து தீயால் எழுதப்படுகிறது. தொடர்ந்து மற்ற மலைகளிலும் எழுத்தும் படகும் கோயில் வாயிலும் தீயுருவாய்த் தோன்றுகின்றன. 'பொன்' நாட்களில் வீடுதேடி வந்த முன்னோர் உயிர்களை வழியனுப்பும் தீ இது. கிழக்கு மலை எழுத்தின் குறுக்குக்கோடு மட்டும் 80 மீட்டர் நீளம். முழு எழுத்துக்கும் 75 தீமேடைகள்.

தேரைப் போலத் தீயை ஓய்வில் வைக்க இயலாது. அது எரிந்து முடிந்தபின் பேணுதற்குரிய பொருள் எதுவும் எஞ்சுவதில்லை. முற்காலத்தில் வேறு மலைகளிலும் எழுத்துகளும் உருவங்களும் எரிந்தன. அவை மறைந்தபின் திரும்பவில்லை. காக்கும் குழுக்களை உடைய ஐந்து தீக்களே எஞ்சியுள்ளன. ஆகவே இவ்விழா நிலைபெறுவது மலையென்னும் இடத்தாலும், ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு வடிவில் அவ்விடத்திற்குச் சென்று சேரும் மக்களாலும் எனலாம். போர்க்கால இருட்டடிப்பால் 1943இல் தீ மூட்டப்படவில்லை. மாறாக, வெண்ணிற உடையணிந்த மக்கள் காலைப்பொழுதில் மலையேறி, எழுத்தின் வடிவில் நின்றனர். நோய்த்தொற்றுக் காலமாகிய 2020இல் அவ்வெழுத்துக்கு 6 இடங்களில் மட்டுமே தீ மூட்டப்பட்டது. அதே ஆண்டு கியோன் விழாவில் தேர் இழுக்கப்படவில்லை. தெருக்குழுவினர் சகாகி மரக்கிளைகளை ஏந்தி நடந்தனர். விழாவைக் குறைந்தபட்ச வடிவிலேனும் நிகழ்த்துதல் கியோத்தோவின் பொதுப்பண்பாகத் தெரிகிறது. கொள்ளைநோயை நீக்கத் தோன்றிய கியோன் விழா கொள்ளைநோயாலேயே தேரிழந்தமை வரலாற்றின் முரண்.

பருவமும் நாட்காட்டியும்

1873இல் ஜப்பான் சூரிய நாட்காட்டியை ஏற்றது. அதற்கு முன் வழியனுப்பும் தீ ஏழாம் திங்களின் 16ஆம் நாள் எரிந்தது. அந்நாளில் நிலவு ஏறத்தாழ முழுமையாக இருக்கும். இன்று ஆகஸ்டு 16 நிலவற்ற இரவாகவும் அமையலாம். விழாவின் நாள் நின்றது, வானம் விலகியது.

இப்போது பருவமே விலகத் தொடங்கியுள்ளது. கியோத்தோவின் செர்ரிமலர் மலர்ந்த நாட்கள் 9ஆம் நூற்றாண்டு முதல் நாட்குறிப்புகளிலும் அரசவைப் பதிவுகளிலும் காணப்படுகின்றன. மலர்விருந்துகளைக் குறித்துவைத்த இவ்வேடுகளே இன்று தட்பவெப்ப ஆய்வுக்கு மூலங்கள். 2021இல் முழுமலர்ச்சி மார்ச் 26இல் நிகழ்ந்தது. அதுவரையிலான 1200 ஆண்டுப் பதிவுகளில் அதுவே மிக முந்தியதாக இருந்தது. 1598இல் தோயோதோமி ஹிதேயோஷி தாய்கோ-ஜி மடத்தில் நடத்திய புகழ்பெற்ற மலர்விருந்து, இன்றைய கணக்கில் ஏப்ரல் 20ஆம் நாள். அதன் நினைவு ஊர்வலம் இன்று ஏப்ரல் இரண்டாம் ஞாயிறன்று நடக்கிறது. மலர் மார்ச்சிலேயே உதிருமாயின், பருவ விழா பருவத்தை இழந்து நினைவு விழாவாக மட்டுமே எஞ்சும். போரும் தீயும் விழாவை நிறுத்தின. இம்மாற்றமோ விழா நிகழும்போதே அதன் பொருளை நீக்கவல்லது. இதற்கு மீட்புமுறை எதுவும் பழைய ஏடுகளில் இல்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. கியோத்தோ விழாக்களின் தொடர்ச்சி இடையறாமையால் அமைந்ததன்று. முறிவைக் கடக்கும் வழிமுறைகளால் அமைந்தது. அவோயி விழாவுக்கு ஆவணமும், கியோன் விழாவுக்குப் பொருளும் தெருக்குழுவும், தீவிழாவுக்கு இடமும், ஜிதாய் விழாவுக்குத் திருத்தத்தை ஏற்கும் புத்தாக்கமும் அவ்வழிமுறைகளாம்.

2. 'பதிலி', 'ஓய்வு' என்னும் சொற்கள் இழப்பை மறைக்காது பெயரிட்டு வைத்துள்ளன. மரபைத் தொன்மை, புனைவு என இருகூறாக மட்டும் பகுக்கும் அணுகுமுறை இவ்விடைநிலையை விளக்கப் போதாது.

3. காட்சிப்படுத்தல் முதலில் பேணுதலின் விளைவாகவும், 1871க்குப் பின் பொருளியல் தேவையாகவும் அமைந்தது. 2023இல் கியோன் ஊர்வலத்தைக் காண 4,00,000 யென் விலையில் இருக்கைகள் விற்கப்பட்டமையும், அதுபற்றி எழுந்த விவாதமும், விழா வழிபாடா காட்சியா என்னும் பழைய வினா இன்னும் தீரவில்லை என்பதை உணர்த்துகின்றன.

4. நாள் நிலைத்துப் பருவம் நகரும் இன்றைய நிலை, விழாவியல் ஆய்வு தட்பவெப்ப ஆய்வோடு இணையவேண்டிய தேவையை உருவாக்கியுள்ளது.

நின்றுபோன விழாவை அழிந்தது எனப் பதிவதற்கு முன், அதன் பொருள், இடம், பெயர், உரியவர் ஆகியவற்றுள் எது எஞ்சியுள்ளது எனக் கேட்பது ஆய்வாளரின் கடமை. ஓய்விலிருக்கும் தேர் ஒன்று 196 ஆண்டுகளுக்குப் பின் எழுந்து வந்தமை இக்கேள்வியின் பயனைத் தெளிவாக்குகிறது.